ஒன்றரை நிமிடமும் ஓர் ஆடும்

ரசீத் மேல் ஷம்ஸியாவுக்கு ஆயிரம் குறை உண்டு. அவருடைய ஆரஞ்சு நிற பைக் மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துக் கேலி செய்வது?

கேலிக்கு வழி செய்து கொடுப்பவரும் அவர்தான். மேலப்பாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயது மனிதர், மாதத்தில் ஒரு ஞாயிறு, பணகுடிக்கு இந்தப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே கிடக்கும் பந்தயத் தடத்துக்குப் போகிறார். உடம்போடு ஒட்டிய தோல் உடுப்புக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துத் தன்னைத் திணித்துக்கொள்கிறார். ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கட்டின பெண்டாட்டி சிரிக்காமல் பக்கத்து வீட்டுக்காரியா சிரிப்பாள்?

"காலையிலேருந்து ஓட்டி எங்கன போய்ச் சேந்தீய?"

"எங்கயும் போகல. சுத்துனேன்."

"இதத்தான் செக்குமாடும் செய்யுது. அது சுத்துனா எண்ணெயாவது கிடைக்கும்."

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். "ரெண்டே வருசம், வந்துருதேன்" என்று சொல்லி ஷார்ஜாவுக்குப் போனவர், பதினாறு வருடம் கழித்துத்தான் ஊரோடு வந்தார். நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்த லீவையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது. ஊரோடு வந்த புதிதில் ஆறு மாதம், கடை விட்டால் வீடு, வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்துச் சுவரைப் பார்ப்பது என்று கிடந்தார். என்ன யோசனை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறதென்று இவளும் ஒரு நாள் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். சுண்ணாம்புதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வண்டி வந்தது. தனக்கென்று அவர் வாங்கிய முதல் பொருள் அது. அன்றிலிருந்து சோற்றுக்கு உட்கார்ந்தால் மனிதர் பேசினார். வளைவு, டயர், பிரேக் என்று அவளுக்குத் தலையும் வாலும் புரியாததையெல்லாம் தட்டில் ரசத்தால் கோடு போட்டுக் காட்டினார். அவளுக்கு அது போதும். வண்டி போனால் மறுபடியும் சுவர்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வண்டிக்கு ஆபத்தைக் கொண்டுவந்ததும் அவர் வாய்தான். ஷம்ஸியாவின் தம்பி அலி அஸ்கர் டீக்கடையில் வைத்து, "மச்சான் ஓட்டுறதுக்கு நான் சைக்கிள்லயே முந்திருவேன்" என்று சொல்லப்போக, இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நோன்புப் பிறை தெரியறதுக்குள்ள ஒரு சுத்த ஒண்ணரை நிமிசத்துக்குள்ள முடிச்சுக் காட்டுதேன். முடிக்கலைன்னா வண்டி உனக்குத்தாம்லே" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

அலி அஸ்கருக்கு முதல் நாளிலிருந்தே அந்த வண்டி மேல் ஒரு கண். அன்றுமுதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு அக்காள் வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றி நடப்பான். டயரை அமுக்கிப் பார்ப்பான். "இந்த நிறம் எனக்குத் தோதுப்படாது மச்சான். கறுப்பு அடிச்சுருவமா? பெயிண்ட்தான் உங்க கடையிலயே கிடக்கே" என்பான். ரசீத் பல்லைக் கடித்துக்கொண்டு பிரியாணி பரிமாறுவார்.

அவருடைய நேரமோ ஒரு நிமிடம் முப்பத்துநாலு வினாடியில் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. குறையைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு சின்னக் கேமராவை வாங்கி ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டினார். அது எடுத்தது அப்படியே போனுக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எடுத்த படத்தைச் சலிக்காமல் பார்த்தார். சத்தத்தை மட்டும் அணைத்துவிடுவார். வெறும் இரைச்சல், தலைவலி என்பார். தெருக்காரர்களுக்குக் காட்டும்போது மேலே ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்.

பார்த்ததில் குறை தெரியாமல் இல்லை. வளைவுக்கு முன்னால் நூற்றைம்பது, நூறு, ஐம்பது என்று மீட்டர் எழுதிய பலகைகள் நட்டிருக்கும். மற்றவர்கள் நூறைத் தாண்டித்தான் பிரேக்கைத் தொடுவார்கள். இவர் நூற்றைம்பதிலேயே பைய அமுக்கத் தொடங்கிவிடுவார். தடத்தில் நேரம் குறிக்கும் தேவசிகாமணி, பாளையங்கோட்டையில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

"முட்டைக்கூடையா ஏத்திட்டுப் போறீரு? இறுக்கிப் புடியும் வே."

"மண்டைக்குத் தெரியுது சார். கை கேக்க மாட்டேங்கு."

"சரி, அந்தப் பின்சீட்டையாவது கழத்தும். எல்லாரும் கழத்தியாச்சு. வெயிட்டு குறையும்லா."

தடத்தில் இறங்கும்போது கண்ணாடி இரண்டையும் கழற்றினார். நம்பர் பலகையைக் கழற்றினார். பின்சீட்டை மட்டும், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டார். இதையும் அவரேதான் வீட்டில் வந்து சொன்னார். ஷம்ஸியா சிரித்தாளே தவிர யோசிக்கவில்லை.

நோன்புக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம் என்று ஆனது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் அடுப்படியில் இரண்டு கிலோ வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ரசீத் வந்து மசாலா டப்பாவில் போனைச் சாய்த்துவைத்தார்.

"நீ ஒருதடவை பாரு புள்ள. கை ஏன் கேக்க மாட்டேங்குன்னு எனக்கு இனிமே பாக்கத் தெம்பில்ல."

அதற்குள் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, சத்தத்தை அணைக்க மறந்து வெளியே போய்விட்டார். படம் ஓடியது. ஷம்ஸியாவுக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெங்காயம் அப்படிக் கரித்தது. சரி, காதால் கேட்போம் என்று நறுக்கிக்கொண்டே இருந்தாள். இந்த மனிதரை அவள் பதினாறு வருடம் காதால்தானே அறிந்திருக்கிறாள். 'சாப்பிட்டேன்' என்று அவர் ஷார்ஜாவிலிருந்து சொன்னால், சாப்பிட்டாரா இல்லையா என்று மேலப்பாளையத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

வண்டி உறுமிக்கொண்டு போனது. வளைவு வருவது அதன் குரல் இறங்குவதிலேயே தெரிந்தது. இரைச்சலுக்கு அடியில் ரசீதின் குரல் கேட்டது.

"புடிச்சுக்க."

"ம், புடிச்சாச்சு" என்றாள் ஷம்ஸியா.

அடுத்த வளைவு. "புடிச்சுக்க."

"ம்."

மூன்றாவது தடவைதான் அவள் கையில் கத்தி நின்றது. நான் அடுப்படியிலல்லா நிக்கேன், இவர் யாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்? முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்துவிட்டுப் படத்தைத் திரும்ப ஓடவிட்டாள். ஒன்பது வளைவு, ஒன்பது 'புடிச்சுக்க'. ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஆள் ஏறியிருக்கிற வண்டியில் பிடிக்கிற மாதிரி, பூப்போல ஒரு பிரேக்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கைக்கு அந்தப் பழக்கத்தை யார் கொடுத்தது என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

கல்யாணமான பதினோராம் நாள், பைக்கில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலம் இறங்கிக் கொக்கிரகுளம் திரும்பும் இடத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ரசீத் பிரேக் பிடித்தார். ஆடு பிழைத்தது, புதுப்பெண் ரோட்டில் கிடந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தாள். ஷம்ஸியா இதைச் சொல்லாத கல்யாணவீடு மேலப்பாளையத்தில் கிடையாது. "ஆட்டுக்குப் பிரேக் புடிச்சாவ, பொண்டாட்டிய ரோட்டுல போட்டாவ" என்று அவள் தொடங்கினால் பெண்கள் கூட்டம் சேரும். பத்தொன்பது வருடத்தில் ஆடு வளர்ந்து காளையாகி, போன பெருநாளைக்கு லாரியாகவும் ஆகிவிட்டது. ரசீத் ஓரமாக நின்று அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். வண்டியில் அவளை ஏற்றினால் மட்டும், ஒவ்வொரு வளைவிலும் "புடிச்சுக்க" என்பார். ஃபேன் சத்தம் மாதிரி அது அவள் காதுக்குப் பழகிப்போனது.

இதில் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் பிரேக் பிடித்ததில் குற்றமே கிடையாது. பாளையங்கோட்டையில் கூடப் படித்த கிரேஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். புதுப் புருஷனைக் காட்டுகிற குஷியில் இவள் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கையாட்டினாள். அப்போதுதான் ஆடு வந்தது. விழுந்த வெட்கத்தில் பழியைப் பிரேக்கின் மேல் போட்டாள். போட்டது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை முழுக்க அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகக் கட்டிக்காத்த கேலியை ஒரே நாளில் தூக்கிக் கொடுப்பதென்றால் மனசு வர வேண்டாமா? ஞாயிறு காலையில், "நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள். ரசீதுக்கு நம்ப முடியவில்லை. அவர் வண்டியில் முன்னால் போக, அலி அஸ்கர் காரில் அவளை அழைத்து வந்தான். காரின் பின்சீட்டில் ஒரு புது ஹெல்மெட் கிடந்தது.

"இது எதுக்குலே?"

"சாயங்காலம் நான் வண்டிய ஓட்டிட்டு வரணும்லா லாத்தா. மச்சான் கார்ல வரட்டும்."

தடத்தில் மூன்று வாய்ப்பு, ஒவ்வொன்றிலும் டயர் சூடேற ஒரு சுற்று, நேரம் குறிக்க ஒரு சுற்று. முதலாவதில் ஒரு நிமிடம் முப்பத்துநாலு. இரண்டாவதில் முப்பத்துமூன்று. தேவசிகாமணி தாளில் எழுதிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அலி அஸ்கர் மரியாதைக்காக முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவைத்திருந்தான். ரசீத் சுவரோரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை ஷம்ஸியாவுக்குத் தெரியும். வீட்டில் ஆறு மாதம் பார்த்த பார்வை அது.

அவள் போய் அவர் எதிரே நின்றாள்.

"நீங்க ஒவ்வொரு வளைவுலயும் என்னப் புடிச்சுக்கச் சொல்லுதீய. தெரியுமா?"

"என்ன சொல்லுத?"

"படத்துல கேக்குது. நீங்கதான் சத்தத்த அமத்திட்டுப் பாக்கீய. நான் பின்னால இல்ல. இங்கன நிக்கேன்."

அவர் முகம் சிவந்துபோனது. "அது பழக்கதோசம் புள்ள. அன்னைக்கு உன்னக் கீழ போட்டதுலேருந்து..."

"நீங்க போடல."

"என்னது?"

"நான்தான் கைய விட்டேன். கிரேஸு நின்னா. கையாட்டுனேன். நீங்க எப்பவும் போலத்தான் பிரேக் புடிச்சீய. நானா விழுந்தேன்."

ரசீத் அவளையே பார்த்தார். "ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்."

"அப்ப இந்தப் பத்தொம்பது வருசமா..."

"சொல்லிட்டேம்லா. வண்டிய எடுங்க."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கோபமா இல்லையா என்று கண்ணாடிக்குள் தெரியவில்லை. வண்டி புறப்பட்டுப் போனது. ஷம்ஸியா கடைசி வளைவுக்குப் பக்கத்தில் வேலியோரமாகப் போய் நின்று, தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள். முதல் சுற்றில் அவர் பழையபடி நூற்றைம்பதில் மெதுவானார். அடுத்த சுற்றில் நூற்றைம்பது பலகை போனது, நூறு போனது, வண்டியின் குரல் இறங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். டயர் தேய்கிற சத்தம், திடீரென்று இறங்கி உடனே ஏறுகிற உறுமல், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது.

தேவசிகாமணி ஸ்டாப்வாட்சைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு இருபத்தொம்பது. இப்பத்தான் வே முட்டைக்கூடைய இறக்கியிருக்கீரு" என்றார்.

அலி அஸ்கர் புது ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ரசீத் உடுப்பின் ஜிப்பைக்கூட இறக்கவில்லை. நேரே மச்சினனிடம் வந்து, "கேட்டியாலே சங்கதிய? உங்க லாத்தா அன்னைக்கு ரெண்டு கையையும் விட்டுட்டு..." என்று தொடங்கிவிட்டார். தேவசிகாமணிக்கு ஒருமுறை, டயர் போடுகிறவருக்கு ஒருமுறை. மூன்றாவது தடவையிலேயே கிரேஸ் ஒருத்தி நாலு பேராகிவிட்டாள். இனி வருகிற கல்யாணவீடெல்லாம் இந்த மனிதருக்குத்தான் என்று ஷம்ஸியாவுக்குத் தெரிந்தது. சொல்லிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், கடைசிச் சுற்றை ஓடவிட்டாள். படத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றி, ஷார்ஜாவிலிருந்து போன் வந்த காலத்தில் வைத்துக்கொண்ட மாதிரி காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். காற்று இரைந்தது. சுற்றின் தொடக்கத்தில் அவர் குரல் வந்தது.

"நீ இங்கனயே இறங்கி நில்லு ஷம்ஸியா. ஒரே ஒரு சுத்துதான். வந்து ஏத்திக்கிடுதேன்."

அதற்குப் பிறகு ஒன்பது வளைவிலும் ஒரு பேச்சும் இல்லை. இந்தத் தடவை மனிதர் சொன்னபடி வந்துவிட்டார், அதுவும் ஒன்றரை நிமிடத்துக்குள்.

"என்ன கேட்டுது?" ரசீத் பின்னால் வந்து நின்றார். முகத்தில் இலேசாகப் பயம். இதை வைத்து இன்னொரு பத்தொன்பது வருடம் ஓட்டிவிடுவாளோ என்கிற பயம்தான். ஓட்டியிருக்கலாம். அவள் வாய்வரைக்கும் வந்தது.

"காத்துச் சத்தம்தான்" என்று சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தாள். அலி அஸ்கரிடமிருந்து அந்தப் புது ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.