எந்த வருஷத்துக் கப்பல்?

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும்போதே சிவஞானம் தம் அடுத்த துண்டறிக்கைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்: ‘சாதி கடக்காத கடல்’. உள்ளடக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அதைத் தேடித்தான் பயணம்.

முப்பது ஆண்டு மேடை வாழ்க்கை அவருடையது. நெற்றியில் நீறு பூசுவதை விட்டார். பெயரின் வாலை வெட்டினார். உறவினர் வீட்டு வாசல் மிதிப்பதை விட்டார். அந்தமானின் லாங் ஐலண்டுத் தமிழர் மன்றம் 1968ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு அவரை அழைத்தது. அழைப்பின் அடியில் இருந்த பெயர்களில் ஒன்று ஜம்புலிங்கம். திருப்பனங்குடித் தொடக்கப்பள்ளியில் அவரோடு படித்தவன். சரியாகச் சொன்னால், அவர் வகுப்புக்குள்ளும் அவன் வாசலிலுமாகப் படித்தவர்கள்.

போர்ட் பிளேயரில் மூன்று நாள் சுற்றினார். சிறைச்சாலையின் குறுகிய அறைகளுக்குள் நின்று பார்த்தார். கடைத்தெருவில் வங்காளியின் மீன்கடையும் மலையாளியின் தேநீர்க்கடையும் தெலுங்கர் சலவைக்கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பர்மாவிலிருந்து வந்த பெண்ணிடம் ராஞ்சிக்காரன் புகையிலை வாங்கினான். கைதியாக வந்தவன் பேரன் காவலனாக வந்தவன் பேத்தியை மணந்திருந்தான். அப்பால் காடு, வானத்துக்குத் தூண் நட்டாற்போல் கர்ஜன் மரங்கள், அவற்றின் மேல் கொடி, கொடியின் மேல் கொடி. சிவஞானத்தின் குறிப்பேடு நிறைந்தது, மனமும் நிறைந்தது.

லாங் ஐலண்டு படகுத்துறையான ஜெட்டியில் அவரை வரவேற்றவர் அப்துல் கனி. ஜெட்டியோரம் மளிகைக்கடை வைத்திருப்பவர், மன்றத்தின் பொருளாளர்.

“வாங்கய்யா, வாங்க. அந்தப் பையக் குடுங்க. கடல் கலக்கிருச்சா?”

“கடல்தான் கலங்கியது. கொள்கை கலங்கவில்லை.”

“மாஷா அல்லாஹ்! கொள்கையோட வந்தவுகள்ல வாந்தி எடுக்காம எறங்குனது நீங்க ஒருத்தர்தான்.”

அதே படகில் வந்திறங்கிய ஒரு தொழிலாளியை, கட்டை சுமந்து நின்ற இன்னொருவன் மேலும் கீழும் பார்த்தான்.

“தமிழா? எந்த வருஷத்துக் கப்பல்?”

“அம்பத்தாறு. பாராடாங் தீவுல இருந்தேன்.”

“நான் அம்பத்திமூணு. அப்ப நீ தம்பி. வா, சாயா குடிக்கலாம்.”

சிவஞானம் வியப்போடு கனியைப் பார்த்தார்.

“இங்க யாரும் ஊரு கேக்க மாட்டாகய்யா. கப்பல்தான் கேப்பாக. முந்தின கப்பல்ல வந்தவன் அண்ணன், பிந்தின கப்பல்ல வந்தவன் தம்பி. அம்புட்டுத்தான் ஒறவு” என்றார் கனி.

சிவஞானத்தின் கண் கலங்கிவிட்டது. ஊர் கேட்டால் தெரு. தெரு கேட்டால் சாதி. அந்த முதல் கேள்வியையே இவர்கள் கடலில் வீசிவிட்டார்களே! ஜெட்டியில் நின்றபடியே அதை எழுதிக்கொண்டார். ஏன் வீசினார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஜம்புலிங்கம் மரமில்லில் மேஸ்திரி. நரைத்த மீசையும் இடக்கையில் இரண்டு விரல் குறையுமாக ஓடிவந்து, அவரை இறுகத் தழுவிக்கொண்டான்.

“ஞானம்! நீயாப்பா? வயிறு போட்டுட்டியே!”

திருப்பனங்குடியில் அவன் நிழல் இவர்மேல் விழுந்திருந்தாலே கூச்சல் எழுந்திருக்கும். இங்கே ‘நீ’ என்கிறான், தழுவுகிறான். இதற்காகவே நாலு நாள் கப்பலில் வரலாம் என்று நினைத்தார் சிவஞானம்.

மகள் மங்கையர்க்கரசி தேநீர் கொண்டுவந்தாள். இருபது வயது, மில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். வேலிக்கு அப்பாலிருந்த வங்காளிப் பெண்ணிடம் இந்தியில் ஏதோ கேட்டுச் சிரித்தாள். சிவஞானத்தின் புருவம் உயர்ந்தது.

“மொறைக்காத ஞானம். இந்தி இல்லாம இங்க உப்புகூட வாங்க முடியாது. ரெண்டே நாள்ல உனக்கும் வந்துடும்” என்று சிரித்த ஜம்புலிங்கம், மகள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணே ஒண்ணு. மேடையில நம்ம ஊர்ப் பேர் வேணாம். அந்தப் பள்ளிக்கூடத்துக் கத வேணவே வேணாம்.”

“ஏன்? இங்கேதான் சாதி இல்லையே!”

“இல்லதான். தூங்குறத ஏன் தட்டி எழுப்புற?” அவன் சிரிக்கவில்லை. “தை இருவதுல மங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இராமகிருஷ்ணன், ஒயர்லெஸ்ல வேல. அவங்கப்பாதான் காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம், நம்ம மன்றத் தலைவரு. என்னைய எந்தக் கப்பல்னு கேட்டாரு. அம்பத்தொண்ணுன்னேன். அவரு நாப்பத்தொம்பது. அதோட பேச்சு முடிஞ்சுது. ரெண்டு புள்ளைங்களும் மனசு ஒத்துப் பழகுதுங்க. கெடுத்துடாத.”

சிவஞானம் அவன் கையைப் பற்றி வாக்களித்தார். உண்மையாகவே வாக்களித்தார்.

அந்தப் பள்ளிக்கூடக் கதை அவர் மேடையின் முதுகெலும்பு. தாகம் தாங்காமல் தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிட்ட சிறுவன், புளியமிளாறால் அவன் முதுகை உரித்த வாத்தியார், உடைத்தெறியப்பட்ட பானை, “அடிக்காதீர்கள்!” என்று எழுந்து நின்ற சிறுவன் சிவஞானம். நானூறு மேடைகளிலாவது சொல்லியிருப்பார். சொல்லாத ஊரில் கைதட்டல் குறைந்ததை அவர் அறிவார்.

மறுநாள் மாலை, மில் மைதானத்தில் விழா. நடுவே ஒரே அண்டா. ஒவ்வொரு தமிழ் வீட்டிலிருந்தும் ஒரு படி அரிசி வந்து அதில் விழுந்திருந்தது. பொங்கலைக் கிண்டுவதும் பரிமாறுவதும் ஆண்டுதோறும் ஜம்புலிங்கத்தின் பொறுப்பு. அண்டாவை மூடி வைத்துவிட்டு அவன் முன்வரிசையில் வந்து அமர்ந்தான். அருகே சம்பந்தி பன்னீர்செல்வம், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல்.

சிவஞானம் பேசினார். அடுக்கடுக்காகப் பேசினார். ஆனால் கூட்டம் தளர்ந்திருந்தது. அவருடைய செந்தமிழ் பாதிப் பேருக்குக் காதோடு நின்றது. சில இளைஞர்கள் இந்தியில் கிசுகிசுத்தார்கள். யாரோ கொட்டாவி விட்டார்கள். மேடைக்காரனுக்குக் கொட்டாவி செருப்படியைவிடக் கொடிது. நாவின் அடியில் அந்தக் கதை புரண்டது. பெயர் சொல்லாமல் சொன்னால் என்ன? ஊர் சொல்லாமல் சொன்னால் என்ன?

தொடங்கினார். கொட்டாவி நின்றது. பானை உடைந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் ஜம்புலிங்கம் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாமென்று. சிவஞானத்துக்கு அது உணர்ச்சிப் பெருக்காகத் தெரிந்தது. கூட்டத்தின் மூச்சு முழுவதும் தம் கைப்பிடிக்குள் இருக்கும் அந்த நொடியில் எந்த வாக்குறுதி நினைவுக்கு வரும்?

“திருப்பனங்குடிச் சேரியில் பிறந்து, ஒரு வாய் தண்ணீருக்கு உதிரம் சிந்திய அந்தச் சிறுவன் எங்கே என்கிறீர்களா? இதோ! உங்கள் நடுவில்! உங்கள் அண்டாவின் கரண்டியைப் பிடித்தவனாக, உங்கள் சம்பந்தியாக, இந்தச் சாதியற்ற தீவின் சான்றாக, என் நண்பன் ஜம்புலிங்கம்!”

கைதட்டல் வந்தது. விளிம்பில் நின்ற ராஞ்சிக்காரர்களிடமிருந்தும் வங்காளிகளிடமிருந்தும். சொன்னது புரியாவிட்டாலும் குரல் உயர்ந்ததால் தட்டினார்கள். தமிழர் கைகள் மடியில் கிடந்தன.

பன்னீர்செல்வம் முறைப்படி நன்றி சொன்னார். ஜம்புலிங்கம் எழுந்துபோய் அண்டாவைத் திறந்து, கரண்டியோடு நின்றான். எப்போதும் முண்டியடிக்கும் வரிசை அன்று சேரவே இல்லை.

“எனக்கு ஷிப்ட் இருக்கு மேஸ்திரி.”

“காலைலேர்ந்து வயித்துக்கு ஆகல.”

“அப்புறமா வாங்கிக்கறேன். நீங்க பாருங்க.”

ஒருவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. வெறும் வயிற்றோடு, மரியாதையாகக் கலைந்தார்கள். ராஞ்சிக்காரர்களும் வங்காளிக் குழந்தைகளும் இலையோடு வந்து நின்றார்கள். ஜம்புலிங்கம் அவர்களுக்குப் பரிமாறினான். அப்துல் கனி தாமே ஓர் இலை போட்டு உட்கார்ந்து, இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்படியும் அண்டாவில் முக்கால் பங்கு ஆறிக் கிடந்தது.

காலையில் பன்னீர்செல்வம் நேரில் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“பையனுக்கு ட்ரான்ஸ்பர் வரும்போலத் தெரியுது மேஸ்திரி. தை இருவது சரிப்படாது. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம்னா?”

“பாத்துக்கலாம்.” அவர் சிவஞானத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “அருமையான பேச்சுங்க.”

படகு நண்பகலுக்கு. சிவஞானம் கனியின் கடைப் பெஞ்சில் வந்து விழுந்தார். “இவர்கள் மனிதர்களா? பதினேழு ஆண்டு ஒன்றாக உண்டவர்கள்! ஊர் கேட்காத உத்தமர்கள் என்றல்லவா நினைத்தேன்!”

“ஊரு ஏன் கேக்க மாட்டாக, தெரியுமாய்யா?” கனி தராசுத் தட்டைத் துடைத்தபடியே கேட்டார். “நாம கேட்டா அவன் நம்மளத் திருப்பிக் கேட்டுருவான்ல? அந்தப் பயம். மெட்ராசுல கூலி ஏஜெண்டு ஆபீசுல, கப்பலேறுறவுக பேரு ஊரையெல்லாம் எழுதிப் பதிஞ்சவன் நான். இந்தத் தீவுல பாதிப் பேரு ஊரு என் வயித்துக்குள்ள கெடக்கு. பன்னீர்செல்வம் பேரையும் நான்தான் எழுதுனேன்.”

“என்ன எழுதினீர்?”

கனி இருபுறமும் பார்த்தார். “ஜில்லாதான் வேற. தெரு மேஸ்திரியோட அதே தெருதான்.”

சிவஞானம் துள்ளி எழுந்தார். மீண்டும் ஒரு மேடை கிடைத்தவர்போல் முகம் சிவந்தது. “இப்போதே போகிறேன். அவர் முகத்துக்கு நேரே கேட்கிறேன். திருமணம் நடந்தே தீரும்!”

“யாருகிட்டப் பேசுறேன்னு தெரியாம ஒளறிட்டேனே” என்று தலையில் கைவைத்தார் கனி. “அய்யா, வேணாம்...”

“அவன் வீட்டையும் கொளுத்தணுமா?”

கடைவாசலில் சிவஞானத்தின் பெட்டியோடு ஜம்புலிங்கம் நின்றிருந்தான்; பின்னால் மங்கையர்க்கரசி. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

“அந்தாளு நடுங்கிக்கிட்டுத்தான் வந்தான், பாத்தேன். எம் பொண்ணக் கட்டுனா, அவன் ஏன் கட்டுனான்னு நாலு பேரு கெளறுவாங்க. அவனுக்கும் கட்டிக்குடுக்கற வயசுல ஒரு பொண்ணு இருக்கு. அதையும் ஒக்கார வைக்கணுமா? விட்டுடு.” பெட்டியைக் கீழே வைத்தான். “கச்சால் தீவுல ரப்பர் தோட்டம் போடறாங்களாம். மனு குடுத்துட்டேன். அறுவத்தெட்டுக் கப்பல்னு சொல்லிக்கிறேன்.”



“இன்னொண்ணு” என்றான் ஜம்புலிங்கம், படகின் மணி அடித்த பிறகு. “அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நீ எழுந்திரிக்கல, ஞானம். பெஞ்சுலதான் ஒக்காந்திருந்த. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மங்கை பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தாள். அழுத கண், அழாத குரல்.

“மெயின்லேண்டுல போய் அடுத்த மேடையில, எங் கல்யாணம் நின்னதையும் சேத்துச் சொல்லுவீங்களா மாமா? கைதட்டு நல்லா வரும்.”

போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் கப்பலில் கீழ்த்தட்டு நிரம்பி வழிந்தது. சிவஞானம் குறிப்பேட்டைத் திறந்தார், தலைப்பைப் பார்த்தார், மூடினார். ஒரு முழு இரவும் அவர் கால் கடுக்க நின்றபின், மூட்டைமேல் சாய்ந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயாவுக்கு எந்த ஊரு?”

“திருப்பனங்குடி.”

“அட, நம்ம பக்கம்! அங்க எந்தத் தெருவுங்க?”

“பெரிய தெரு.”

நினைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. ஐம்பது வயது வரை, இந்தக் கேள்விக்குத் தாம் ஒருமுறைகூட நடுங்கியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வியாபாரி பரபரப்போடு எழுந்து, அருகே படுத்திருந்த கூலிக்காரனைக் காலால் ஒதுக்கித் தள்ளி, துண்டால் பலகையைத் தட்டிவிட்டார்.

“முன்னாடியே சொல்லக்கூடாதா? உக்காருங்க, உக்காருங்க.”

தள்ளப்பட்டவன் எழுந்து, சிவஞானத்தையே பார்த்தான்.

சிவஞானத்தின் கால்கள் வலித்தன. அவர் உட்கார்ந்தார்.