அனுமதி கேட்ட அம்மா

மூன்று வாரமாக அலர்மேல்மங்கைக்கு ஸ்ரீகண்டன் மேல் ஒரே கோபம். மனிதர் ஒரு போன் பண்ணக் கூடாதா? இரண்டு பேரும் கருவூல அலுவலகத்தில் ஒரே செக்‌ஷனில் குப்பை கொட்டியவர்கள். இரண்டு பேருமே துணையை இழந்தவர்கள். தினமும் காலையில் அவர் ஜெயநகர் சமையலறையிலிருந்து வீடியோவில் வருவார். புளி எவ்வளவு, பெருங்காயம் எப்போது என்று இவள் மல்லேஸ்வரத்திலிருந்து அதட்டுவாள். நாளில் அந்த அரை மணிதான் அவளுக்கு ருசித்தது. இப்போது அதுவும் போயிற்று.

அவள் கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை. திரையில் ஒரு பூட்டுப் படம், கீழே 'அனுமதி கேள்' என்று ஒரு பட்டன். ஏதோ ரிப்பேர், அமுக்கினால் சரியாகும் என்று தினமும் அமுக்கினாள். வொயிட்ஃபீல்டில் இருக்கும் மகன் ப்ரஹ்லாத், மூன்று வாரம் முன்பு, பெரிய எழுத்தாக இருக்கட்டும் என்று அவளுடைய பழைய போனை எடுத்துக்கொண்டு, அந்த சிம்மையே போட்டுக் கொடுத்த டேப்லெட் அது. கேட்டால், "அப்டேட் ஆயிண்டிருக்கும்மா, விடு" என்பான். அழைக்காத வீட்டுக்குப் போய் நிற்க ரோஷமும் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் எட்டாவது கிராஸ் தெருவில் இருக்கும் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கடைப்பெண் ஆஷா நாலு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல மேடம். குழந்தைங்க மோட்ல போட்டிருக்காங்க. ஸ்ரீகண்டன்னு ஒரு நம்பர மட்டும் பிளாக் பண்ணிருக்கு. அவரு கூப்பிட்டாலும் வராது. அந்த பிளாக்க பேரண்ட்தான் எடுக்கணும். உங்க பேரண்ட் யாரு?"

"பேரண்டா? எனக்கு அறுபத்து மூணு வயசாறதும்மா!"

"இதுல ப்ரஹ்லாத்னு போட்டிருக்கு."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இந்தக் கடா பாய்ந்ததோடு நிற்காமல் அப்பா பதவியையும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆஷாவின் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, எனக்கு நீ அப்பாவா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "உன் நல்லதுக்குத்தாம்மா. தினம் அந்த மாமாவோட பேசிண்டு... நாலு பேர் என்ன சொல்லுவா?"

"நாலு பேருக்கு எங்கேடா தெரியும்? நீ ஒருத்தன்தான் சொல்றே." சட்டென்று அவளுக்கு ஒரு சந்தேகம். "அந்த 'அனுமதி கேள்' பட்டனை நான் தினம் அமுக்கினேனே, அது எங்கே போச்சு?"

"எனக்குத்தான் வரும்."

"வந்துதா?"

"வந்தது. வேண்டாம்னு போட்டேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாம்மா."

பெற்ற பிள்ளையின் வாசலில் தினமும் கையேந்தி நின்றிருக்கிறாள், நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாமல். அவன் ஆபீஸில் காபி குடித்துக்கொண்டே இல்லை போ என்று விரட்டியிருக்கிறான். அவன் காலேஜ் படிக்கும்போது அவன் அறைக் கதவைத் தட்டாமல் அவள் ஒரு நாளும் திறந்ததில்லை.

"ஆஷா, இதுல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டு என் பேர்ல புதுசா போட்டுடு."

"போட்டோ எல்லாம் போயிடும் மேடம். முடிக்க சாயங்காலமும் ஆயிடும்."

"ஆகட்டும்."

ப்ரஹ்லாத் இன்னும் லைனில் இருந்தான். "அம்மா, கோச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை வந்து பேசறேன்."

"வா. இப்போ நான் ஜெயநகர் போறேன். நடந்ததை அவர்கிட்ட நானே சொல்லணும்."

"தனியாவா? டேப் கடையில இருந்தா உன்னை எப்படிம்மா கூப்பிடறது?"

"கூப்பிட முடியாது. மூணு வாரம் நான் இருந்தேனே, சாயங்காலம் வரைக்கும் நீ இருந்து பாரு."

போனை ஆஷாவிடம் கொடுத்துவிட்டு மெட்ரோ பக்கம் நடந்தாள்.