கோப்பியைத் தொடாத விருந்தாளி

மிறிகா அக்கா வீட்டு மணியை அடிக்கேக்க றஜீனாவுக்கு நிக்கவே ஏலாமல் கிடந்தது. விடியப்புறம் மூண்டரைக்கு எழும்பினவள். லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஒபிஸ் கட்டிடத்தில நாலு மாடி துடைச்சு, ஒன்பது மணிக்குக் கொலிஜுக்கு ஓடி, பின்னேரம் இல்ஃபோர்ட் அறைக்குப் போய் முகத்தில தண்ணி அடிச்சுப்போட்டு, பஸ் எடுத்து அக்கா இருக்கிற பார்க்கிங் எண்ட ஊருக்கு வந்து நிக்கிறாள். கூப்பிட்டது விருந்துக்கு. அவள் வந்தது விருந்துக்கில்லை.

விசயம் இதுதான். வாற திங்கட்கிழமையில இருந்து அவளை வெம்பிளிக் கட்டிடத்துக்கு மாத்திப்போட்டினம். அங்க வேலை தொடங்கிறது விடியப்புறம் மூண்டு மணிக்கு. இல்ஃபோர்ட்டில இருந்து ரெண்டு பஸ், ஒரு மணிக்கே வெளிக்கிட வேணும். எப்ப படுக்கிறது, எப்ப படிக்கிறது? போன கிழமை வகுப்பில இருந்தபடியே நித்திரையாகி, பக்கத்துப் பிள்ளை தட்டி எழுப்பினவள். வகுப்புக்கு வரவு குறைஞ்சால் விசாவுக்கு ஆபத்து எண்டு கொலிஜில ஏற்கெனவே கடிதம் தந்திட்டினம். அங்க போற ஆக்களின்ர பெயர் லிஸ்டை நாளைக்குக் காலமை அனுப்பப்போறது சூப்பர்வைசர் மிறிகாதான். ஒரு வார்த்தை கேட்டால் சரி. அந்த ஒரு வார்த்தையை மூண்டு நாளா அவள் கேக்கேல்லை.

மிறிகா அல்பேனியாக்காரி. வடக்கு மலைப்பக்கம், கத்தோலிக்கச் சனம். றஜீனாவின்ர கழுத்தில கிடந்த அந்தோனியார் மெடலைக் கண்ட நாளில இருந்துதான் ரெண்டு பேருக்கும் பேச்சு வந்தது. தங்கட ஊரிலயும் அந்தோனியார் திருநாளுக்கு மலை ஏறிச் சனம் போறது எண்டு சொன்னவா. றஜீனா அவாவை அக்கா எண்டுதான் கூப்பிடுறவள். முதல்ல அது என்ன எண்டு கேட்டவா, பிறகு பழகிப்போச்சு. இண்டைக்கு ஜூன் பதின்மூண்டு, செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் திருநாள். வீட்டுக்கு வரத்தான் வேணும் எண்டு ஒரே பிடி.

கதவைத் திறந்தது மிறிகாவின்ர மனுசன் பாஷ்கு. கூரை வேலை செய்யிற ஆள், வாசல் நிறைய நிண்டார். கையை நெஞ்சில வைச்சு, "களைச்சுப்போனியா, பிள்ளை?" எண்டு கேட்டார்.

றஜீனாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. லண்டனுக்கு வந்து ஒண்டரை வருசம், ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை. ஓம், சரியாக் களைச்சுப்போனன் எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டாள். மனுசன் திகைச்சுப்போய் நிண்டார். உள்ளுக்கு இருந்து மிறிகாவுக்குச் சிரிப்பு. ஆர் வந்தாலும் தங்கட ஆக்கள் அப்பிடித்தான் கேக்கிறது, பதிலுக்கு இல்லை எண்டுதான் சொல்லவேணும் எண்டு விளங்கப்படுத்தினா.

செருப்பைக் கழட்ட முதலே வீட்டுக்குள்ள போடுறதுக்கு வேற செருப்பு வந்தது. கதவுக்குக் கிட்ட இருக்கப் போனவளை விடேல்லை. உள்பக்கம், மூலையில இருக்கிற பெரிய கதிரையில கொண்டுபோய் இருத்தினார் பாஷ்கு. அதுதான் விருந்தாளியின்ர இடமாம், அவரே அதில இருக்கேல்லை. பிறகு சாப்பாடு. தோசை மாதிரி மெல்லிசா மா ஊத்தி, ஒரு தட்டு வெந்தாப்பிறகு அதுக்கு மேல மற்றத் தட்டு ஊத்தி, இருபது தட்டுக்கு மேல அடுக்கின ஒரு பெரிய வட்டம். அதைச் சுட நாலு மணித்தியாலம் செல்லுமாம். வேலையால வந்து படுக்காமல் நிண்டு சுட்டிருக்கிறா மனுசி. கீரை வைச்ச ரொட்டி, வெள்ளைச் சீஸ், ஊறப்போட்ட மிளகாய். சாப்பாட்டுக் கோப்பையை வெறுமையாக விடினமே! பாஷ்கு சின்னக் கிளாஸில சாராயம் ஊத்தி நீட்ட, மிறிகா அவரின்ர கையில ஒரு தட்டுத் தட்டி அதைப் பறிச்சு, ஜூஸ் வைச்சா.

றஜீனா ஒவ்வொரு வாய்க்கும் இப்ப கேப்பம், இப்ப கேப்பம் எண்டு நினைச்சாள். தின்ன தின்ன வாய் இன்னும் இறுகிப்போச்சு. ஒருத்தர் நாலு மணித்தியாலம் நிண்டு சுட்டுத் தந்ததைத் திண்டுபோட்டு, அந்தக் கையோட உதவி கேக்கிறது என்ன வெக்கங்கெட்ட வேலை!

கடைசியாக் கோப்பி வந்தது. சின்னக் கோப்பை, நுரை கட்டி, மணம் மூக்கைத் துளைக்குது. றஜீனா கையை மடியில வைச்சபடி இருந்தாள். அவளுக்கு நேர்த்திக்கடன். பதின்மூண்டு செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி, கோப்பி வாயில வைக்கிறதில்லை எண்டு, விசா குழம்பாமல் இருக்கவேணும் எண்டு அந்தோனியாருக்கு வைச்ச நேர்த்தி. பன்னிரண்டு முடிஞ்சுது. இண்டைக்குக் கடைசி.

சொல்லியிருந்தால் அதோட முடிஞ்சிருக்கும். அந்த வீட்டில நேர்த்தி விளங்காத ஆக்களோ? சொல்ல வாயெடுக்கேக்கதான் கண்டாள், பாஷ்கு தன்ர கோப்பையைக் கீழ வைச்சுப்போட்டார். மிறிகாவும் வைச்சிட்டா. டிவியை நிப்பாட்டினார் மனுசன். முகத்தில சிரிப்பில்லை.

"சொல்லு பிள்ளை," எண்டார். "என்ன கேட்டு வந்தனீ?"

தங்கட மலையில, பொம்பிளை கேட்டு வாறவனும், கொலைப்பழியை மன்னிக்கச் சொல்லி வாறவனும் கோப்பியைத் தொடமாட்டானாம். கேட்டது கிடைச்சாப்பிறகுதான் குடிப்பானாம். கோப்பி ஆற விட்டு விருந்தாளியை அனுப்பினால் அந்த வீட்டுக்குப் பெயரில்லையாம்.

றஜீனா கோப்பியைப் பாத்தாள். நேர்த்தி எண்டு சொன்னால் இந்தக் கதவு சாத்துப்பட்டுப் போகும். சொல்லாட்டில் இது ஒரு களவு மாதிரி. களைப்பு அவளை யோசிக்க விடேல்லை. வெம்பிளி, மூண்டு மணி, கொலிஜ் கடிதம், எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டிப்போட்டாள்.

பாஷ்கு முழங்காலில அடிச்சார். சரி, நீ போகவேண்டாம், நான் வாக்குத் தந்திட்டன் எண்டார்.

"ஆரின்ர வேலைக்கு நீ வாக்குக் குடுக்கிறாய்?" எண்டு மிறிகா இங்கிலீசிலயே கேட்டா, விருந்தாளிக்கும் விளங்கட்டும் எண்டு. "ஒரு நாள் மொப் பிடிச்சிருக்கிறியோ?"

பாஷ்கு வாக்கைத் திருப்பி எடுக்கேல்லை. மிறிகா கொஞ்ச நேரம் தன்ர காலைப் பாத்தா. கணுக்கால் ரெண்டும் வீங்கி, சொக்ஸ் வெட்டின அடையாளம் ஆழமாக் கிடந்தது. லிஸ்டில ஒரு பெயர் வெட்டினால் ஒரு பெயர் போட வேணும், வேற ஆளில்லை. "நான் போறன்," எண்டா. "குடி."

றஜீனா குடிக்கேல்லை. கேட்டது கிடைச்சிட்டுது. ஆனா அந்தக் கால்கள் ரெண்டும் ஒரு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கிறதைத்தான் தான் கேட்டிருக்கிறாள் எண்டு இப்பதான் விளங்கினது. வேண்டாம் எண்டு சொல்லவும் அவளுக்குப் பலமில்லை.

"அக்கா, ஒரு கிழமை நீங்கள். ஒரு கிழமை நான்."

மிறிகா நிமிர்ந்து பாத்தா. பாஷ்கு ஏதோ சொல்ல வர, அவா கையைக் காட்டி மறிச்சா. பிறகு போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் கிழமை ஆர் எண்டு கேட்டா.

றஜீனா கோப்பியை எடுத்து ஒரே இழுவையாக் குடிச்சாள். ஆறிப்போய், அடியில மண்டி. அந்தோனியார் கணக்கை முதல்ல இருந்து தொடங்கச் சொல்லுவார், சொல்லட்டும்.

"நான்," எண்டாள்.

மிறிகா ஒரு விரலால மெதுவா எழுத்துக் குத்தி முடிச்சு, லிஸ்டை அனுப்பிப்போட்டு, திங்கட்கிழமை ஸ்வெட்டர் கொண்டு போ, விடியப்புறம் குளிரும், அந்தக் கட்டிடத்தில ஹீற்றர் வேலை செய்யாது எண்டா.