அழுது வடியாத ஒன்று

ஆர்கன் முன்னிருந்த பெஞ்சை அவள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய மாமா மாடம் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கீழே, தேவாலயத்தின் நடுவில், அம்மாவின் பெட்டி.

“என்னத்த வாசிக்கப் போற?”

“அம்மா கேட்டத.”

“அந்தத் தடதடன்னு ஓடுமே, அதையா? சாவுக்கு வந்திருக்காங்கம்மா ஜனங்க. கல்யாண ஊர்வலத்துக்கு இல்ல. மெதுவா ஏதாச்சும் வாசி.”

“அழுது வடியறத வாசிச்சா எழுந்து வந்து நிறுத்துவேன்னு சொல்லியிருக்காங்க, மாமா.”

“போற நேரத்துலயும் வாய் குறையல அவளுக்கு.”

உயிரோடு இருந்தவரை அம்மா இந்த ஆர்கனை அடக்கித்தான் வாசித்தாள். சத்தம் கூடினால் கீழிருந்து தலைகள் திரும்பும். முதல் தலை அவளுடைய அண்ணனான இந்தப் பெரிய மாமாவுடையது. எல்லோரும் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு டொக்காட்டா என்கிற அந்த வேகமான உருப்படியை எடுப்பாள். விரல்கள் நிற்காமல் ஓடும். மெட்டைக் கீழே மிதிகட்டைகளில் கால்கள் மிதிக்கும். ஆள் இருக்கும்போது ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

மாமா இறங்கிப் போனார். பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். அவள் தொடங்கினாள்.

கால்கள் மெட்டைப் பிடித்த இடத்தில் சத்தம் சரிந்தது. குழல்கள் முனகி அடங்கின. கட்டைகளை அழுத்திப் பார்த்தாள், காற்று இல்லை. எட்டிப் பார்த்தாள். கீழே, ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் சுவிட்சில் கைவைத்தபடி மாமா நின்றிருந்தார்.

படியில் காலடி கேட்டது. அப்பா. கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டார். ஆர்கனின் பக்கவாட்டில் கட்டிவைத்திருந்த நீண்ட மரக் கைப்பிடியின் கயிற்றை அவிழ்த்து, அதை மேலும் கீழும் அசைத்தார். உள்ளே துருத்தி தூசியோடு விரிந்தது.

“வேலை செய்யுமாப்பா இது?”

“மோட்டார் வர்றதுக்கு முன்னாடி உங்கம்மாவுக்கு யாரு காத்தடிச்சான்னு நினைச்ச?”

“மாமா கோவப்படுவாரு.”

“மச்சான் சுவிட்சக் காவல் காக்கட்டும். நீ முதல்ல இருந்து வாசி.”

வாசித்தாள். பெட்டி நகர்ந்தது. கடைசிப் பக்கத்தில் எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டாள். கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன.

முடிவுக்கு வந்தாயிற்று. நீண்டுகொண்டிருந்த கடைசிச் சுரத்திலிருந்து கையை எடுக்க வேண்டியதுதான். அப்பா முதலில் நிறுத்தட்டும் என்றிருந்தாள். அவள் கையை எடுக்காததால் அவர் நிறுத்தவில்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கீழே மாமா வாசலைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. தூக்கியவர்கள் பெட்டியைப் பெஞ்சுகளுக்கு நடுவே நடைபாதையிலேயே இறக்கிவைத்துவிட்டு, மாடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.