டம்ளரில் ஊற்றிக் குடித்த புட்டிங்

குட்டிக்கு நாற்பத்தொரு வயதாகிறது. ஆனாலும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு பெரிய ஓட்டலின் பாரில் பன்னிரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவள், முழங்கால் கெஞ்சத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு, பார்ட்டிகளுக்குப் போய்க் காக்டெயில் கலந்து தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டாள். மடக்கு மேசை ஒன்று, ஐஸ் பெட்டி இரண்டு, ஷேக்கர் நான்கு, விரல் உயரக் கண்ணாடிக் குவளைகள் ஒரு பெட்டி நிறைய. கடை என்றால் அவ்வளவுதான். பழைய காரின் டிக்கியில் அடங்கிவிடும்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு சரக்கு. சின்ன வயதில் சாப்பிட்ட இனிப்பை ஒரே மடக்கில் குடிக்கிற ஷாட்டாகச் செய்து கொடுப்பாள். பார்ட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, வரப்போகிறவர்களைப் போனில் பிடித்து, எதைச் சாப்பிட்டீர்கள், யார் வாங்கித் தந்தார்கள், நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா, கை பிசுபிசுத்ததா என்று போலீஸ்காரர் மாதிரி குடைந்தெடுப்பாள். பிறகு ஆரஞ்சுக் குச்சி ஐஸ், மெழுகுவர்த்தி ஊதின கேக், ஆஸ்பத்திரியில் தந்த சிவப்பு ஜெல்லி என்று ஒவ்வொன்றும் குவளையில் வந்து நிற்கும். கேக்குக்காக வெண்ணெயை உருக்கி வோட்காவில் ஊறப்போட்டு, ஃப்ரீசரில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுப்பாள். அப்போதுதான் அணைத்த திரியின் புகையைக் காலிக் குவளையில் பிடித்துக் கவிழ்த்துவைத்து, கடைசி நிமிடத்தில் நிமிர்த்தி ஊற்றுவாள். வாய் ஓயாமல் பேசுகிற ஆட்கள்கூட அதைக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்த் தனியாக நிற்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

இந்த முறை கூப்பிட்டது மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மா. அந்தக் கடையின் பின்னறையில்தான் குட்டியின் அக்கா லென்ஸ் தேய்க்கிறாள். பதினேழு வயதில் உள்ளே போனவள். இந்த வருடத்தோடு முப்பது வருடம் முடிகிறது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையிலேயே ஒரு விருந்து. வேலை செய்கிற பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு ஷாட், அவரவர் சின்ன வயது இனிப்பில். பத்துப் பேரிடம் குட்டி பேசி முடித்துவிட்டாள். பதினோராவது ஆள் அக்கா.

"எனக்கு எதைக் கொடுத்தா என்ன குட்டி. சர்க்கரைத் தண்ணியக் குடு, குடிச்சிட்டுப் போறேன்," என்றாள் அக்கா.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய வாசனை உணர்வையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. டாக்டர் ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். கடையில் இதை வைத்துக் கேலிகூட உண்டு. சில வகை லென்ஸை மெஷினில் வைத்து விளிம்பு தேய்த்தால் அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். முன்பெல்லாம் அதை யார் தேய்ப்பது என்று பின்னறையில் ஒரே சண்டை. இப்போது அத்தனையும் அக்கா மேசைக்கு வந்துவிடுகின்றன. "நான் பாட்டுக்குத் தேய்ப்பேன், எனக்கென்ன" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. மூன்று பாத்திரம் கரிந்த பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே சமைத்தாள். அப்புறம் சமைப்பதையே குறைத்துக்கொண்டாள். ஒருநாள் குட்டி போயிருந்தபோது, குளித்துவிட்டு வந்த அக்கா ஒரு சட்டையை நீட்டி, இது துவைத்ததா, போட்டுக் கழற்றியதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொன்னாள். துவைத்ததுதான். ஆனால் அன்று முழுக்கக் குட்டிக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

அக்காவின் இனிப்பு எது என்று அவள் கேட்க வேண்டியதே இல்லை. அவளுக்கும் அதே இனிப்புதான். அம்மா ஓர் ஓட்டலின் விருந்து மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். சனிக்கிழமைகளில் மிஞ்சுகிற காரமெல் புட்டிங்கை மூடி போட்ட டப்பாவில் வைத்து, பஸ்ஸில் நாற்பது நிமிடம் நின்றபடியே கொண்டுவருவாள். தட்டில் குலுங்காமல் நின்ற பண்டம் வீடு வந்து சேர்வதற்குள் உடைந்து கூழாகியிருக்கும். அதை இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மூடியைத் தான் வழித்து நக்குவாள். புட்டிங் என்றால் குடிக்கிற பொருள் என்றே குட்டி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். பாரில் சேர்ந்த முதல் வாரம், அது ஒரு தட்டில் தொப்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அம்மா இறந்தபோது குட்டிக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினைந்து. சித்தி வீட்டில் இரண்டு வருடம் இருந்தார்கள். அதன்பின் அக்கா வேலைக்குப் போனாள், ஒற்றை அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள், குட்டியை அவள்தான் ஆளாக்கினாள்.

முதலில் வழக்கம்போலவே செய்தாள் குட்டி. முட்டை மஞ்சளும் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குறைந்த தீயில் கிண்டி, ரம் விட்டு, நல்ல வெனிலாக் காயைக் கீறிப் போட்டு, காரமெல் பாகு ஊற்றி ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மெதுவாகக் குடித்தாள். இனிக்கிறது, தொண்டையில் எரிகிறது, வழவழப்பாக இருக்கிறது என்றாள். பிறகு குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் குட்டியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். அப்படியே தன் பாட்டில்களை ஒவ்வொன்றாக நாக்கில் விட்டுப் பார்த்தாள். காப்பி லிக்கர், பாதாம் லிக்கர், வாழைப்பழ லிக்கர் எல்லாம் ஒரே சர்க்கரைப் பாகு, ஒரே நெருப்பு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கின வெனிலா இருக்கிற இடமே தெரியவில்லை. இருபது வருடமாகத் தான் நாக்கை நம்பிப் பிழைத்ததாக நினைத்திருந்தாள். பிழைத்தது மூக்கால் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கூரியர்காரர் மணியடித்தபோது கிளிப்போடே போய்க் கதவைத் திறந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.

மூன்று நாள் அந்தக் கிளிப்போடு கிடந்தாள். அக்காவுக்கு என்னதான் மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஜில்லிப்பு இருக்கிறது. பல்லில் உலோகம் படுகிற கூச்சம் இருக்கிறது. கட்டி உடைந்து நாக்கில் வழுக்குவது இருக்கிறது. ஒரு துளி உப்பு, கருகிய சர்க்கரையின் கசப்பு. வெனிலாவை எடுத்தெறிந்தாள். ரம்மைப் பாதியாக்கினாள். புட்டிங்கை நிஜமாகவே வேகவைத்து, குளிர வைத்து, டப்பாவில் போட்டு மூடி, காரின் டிக்கியில் வைத்து நாற்பது நிமிடம் ஊரைச் சுற்றிவந்தாள். திறந்து பார்த்தபோது சரியான கூழ். சிரிப்பு வந்தது. அதில் பாகையும் ரம்மையும் கலந்து, பழைய பாத்திரக் கடையில் தேடிப் பிடித்த இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர்களோடு வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள்.

அக்கா இந்தத் தடவை குடித்துவிட்டு உடனே டம்ளரைக் கீழே வைக்கவில்லை. விளிம்பை உதட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜில்லுனு இருக்கறது சரி," என்றாள். "உடைஞ்சு வர்றதும் சரி. கசப்புதான் பத்தல."

தன் ஞாபகத்தில் இருக்கிற அளவு இதுதான் என்று குட்டி சொன்னாள். கொஞ்சம் பிடிவாதமாகவே சொன்னாள். தொழிலில் அவளுக்கு அளவு தப்பியதில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கறது உன் டம்ளர்," என்றாள் அக்கா. "கசந்தா நீ துப்பிடுவ. அதனால அம்மா மேலாப்ல இருக்கறத உனக்கு ஊத்திட்டு, அடில கருப்பா நிக்கறத எனக்கு ஊத்துவாங்க."

அக்காவின் டம்ளர் எப்போதும் தன்னுடையதைவிட நிறைய இருக்கும் என்பது குட்டிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரலை உள்ளே விட்டு அளந்து பார்த்து அழுதிருக்கிறாள். பெரியவள் என்றால் அம்மாவுக்கு உசத்தி என்று எத்தனையோ வருடம் மனதுக்குள் ஒரு சின்ன முள்ளை வைத்திருந்தாள்.

"ஏன் ஒரு நாளும் சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு. முதல்ல எனக்கும் பிடிக்காது. போகப் போக அதுதான் பிடிச்சுது. ஒரு சனிக்கிழமை கசப்பு கம்மியா இருந்துச்சுன்னு நான் அம்மாகிட்ட சண்டை போட்டேன், தெரியுமா."

சனிக்கிழமை முழுக்கக் குட்டி சர்க்கரையைக் கருக்கினாள். வழக்கமாகத் தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைப்பாள். இப்போது தேன் நிறம் தாண்டி, செம்பழுப்பு தாண்டி, புகை கிளம்பி, எந்தச் சமையல்காரரும் பதறிப்போய்ப் பாத்திரத்தை இறக்குகிற இடத்தையும் தாண்டி ஒரு மூச்சு பொறுத்து, அதன் பிறகே தண்ணீர் ஊற்றினாள். நான்கு பாத்திரம் வீணாகி ஐந்தாவது அமைந்தது.

ஞாயிறு மத்தியானம் கடையின் கண்ணாடி அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். கண் பரிசோதிக்கிறவர் குச்சி ஐஸைக் குடித்துவிட்டு, தன் அண்ணன் அதைப் பாதி கடித்து ஓடிப்போன கதையைச் சொன்னார். முதலாளியம்மா கேக்கைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு குட்டி டம்ளரை அக்காவிடம் நீட்டினாள். 

அக்கா ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த, எழுத்துகள் வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகிற அட்டையைப் பார்த்தபடி நின்றாள்.

"நமக்கு ஊத்திக் குடுத்துட்டு, இந்நேரம் அம்மா பின்னாடி காலக் கழுவிக்கிட்டு இருப்பாங்க," என்றாள், பக்கத்தில் நின்ற குட்டிக்கு மட்டும் கேட்கும்படி. "நின்னு நின்னு வீங்கிப்போன கால்."

முதலாளியம்மா கூப்பிட்டுப் பரிசு கொடுத்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், அக்கா நன்றி சொன்னாள். ஆனால் மனசு அங்கே இல்லை என்பது குட்டிக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்து இருவரும் பின்னறைத் தொட்டியில் குவளைகளைக் கழுவினார்கள். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கறுத்த பாகு. குட்டி அதை டம்ளரில் சாய்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவின் பங்கைக் குடித்தாள். நாக்கின் இரண்டு ஓரமும் சுருண்டன. துப்பவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அது எப்படி மணக்குதுன்னு சொல்லேன்."

குட்டி முகர்ந்து பார்த்துச் சொன்னாள். கரிந்த சர்க்கரை, கொஞ்சம் முட்டை, கொஞ்சம் ரம். சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். ஏதோ ஒன்று குறைந்தது. சின்ன வயதில் டப்பாவைத் திறக்கும்போது வந்த மணம் புட்டிங்குடையது மட்டும் இல்லை, அம்மா கையின் மணமும் சேர்ந்தது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒன்பது வயதில் விட்டது. அதை அப்படியே அக்காவிடம் சொன்னாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் அக்கா. "பாத்திரம் கழுவற பொடி. எலுமிச்சை மாதிரி, ஆனா எலுமிச்சை இல்ல. கொஞ்சம் சாம்பல். கொஞ்சம் மருந்து."

காரில் சாமான்களை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு பெரிய கடை முன்னால் குட்டி வண்டியை நிறுத்தினாள். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. இருவரும் சோப்பும் பொடியும் அடுக்கியிருந்த வரிசைக்குப் போனார்கள். குட்டி ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, ஓரத்தை மூக்கில் வைத்து அழுத்தி, வந்ததைச் சொன்னாள். இது வெறும் எலுமிச்சை. இது பூ வாசனை. இது நீச்சல்குளம் மாதிரி. அக்கா ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள், இல்லை, இல்லை என்று. என்ன பிராண்ட் வேண்டும் என்று கடைப்பெண் வந்து கேட்டாள். பேர் தெரியாது, முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்தது என்று குட்டி சொன்னதும், அதெல்லாம் இப்போது வராது மேடம் என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

கீழ்த்தட்டில், தூசி படிந்த ஒரு மட்டமான பாக்கெட் இருந்தது. குட்டி குந்தி உட்கார்ந்து அதை முகர்ந்தாள்.

"சாம்பல் இருக்கு," என்றாள். "மருந்து இல்ல. புளிப்பா ஏதோ ஒண்ணு வருது."

"எப்படிப் புளிப்பு? பழப் புளிப்பா, இரும்புப் புளிப்பா?"

"இரும்புன்னு வச்சுக்கலாம்."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாக்கெட்டை வாங்கி, தனக்கு ஒன்றும் வராது என்று தெரிந்தே, மூக்கருகே வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"இது இல்ல," என்றாள். "ஆனா இதுக்குப் பக்கத்துல எங்கயோதான் இருக்கு. அடுத்தத எடு."