மூன்று நாள் பிள்ளையின் பாவம்

‘செக்கர்’ அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தையல் கம்பெனியே சொல்லும். சொல்லட்டும். நாளுக்கு எண்ணூறு சட்டையைப் புரட்டி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. நாள் முழுக்கக் குறையையே பார்க்கிறவளுக்குக் கொஞ்சிப் பேச எங்கிருந்து வரும்?

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது வேறு கோபம். தங்கைக்குப் பிறந்த பிள்ளை மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. பால் இன்னும் கட்டி, ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் தவிர எதையும் அவள் தொடவில்லை. கேட்டால் உபவாசம் என்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரைகள் அட்டையில் அப்படியே கிடந்தன.

தங்கையின் தலையணை உறையை அக்கா மாற்றும்போது ஒரு நோட்டு விழுந்தது. செய்த பாவங்களையெல்லாம் எழுதச் சொல்லிச் சபைப் போதகர் கொடுத்ததாம். தோழியின் பென்சிலைத் திருடினேன். மாமியாரை மனசுக்குள் திட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: ‘இரண்டாம் நாள் அவன் அழுதபோது, தூக்கம் கெட்டதே என்று சலித்துக்கொண்டேன்.’

அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஆறுதல் சொல்ல வந்தவன் செய்கிற வேலையா இது? அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. போதகரும் அவர் மனைவியும்.

“சிஸ்டர் உபவாசத்துல உறுதியா இருக்காங்களா?” என்றபடி போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உறுதியாத்தான் இருக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரியில படுப்பா,” என்றாள் அக்கா. “அவ என்ன தப்பு பண்ணா ஐயா?”

“அவங்க மட்டும் இல்லம்மா. மனுஷராப் பிறந்த எல்லாருமே பாவிங்கதான். முதல் மனுஷனோட பாவம் ரத்தத்துலயே வருது.”

“எல்லாருக்குமா?”

“ஒருத்தர் பாக்கி இல்லாம.”

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இருநூறு சட்டையோட இடது கையில ஸ்டிக்கர் ஒட்டினேன். எல்லாத்துலயும் அதே இடம், அதே கோணல். சூப்பர்வைசர் வந்து வாங்கு வாங்குன்னு வாங்கினார். ‘அத்தனை சட்டையும் ஒரே மாதிரி கோணல்னா, சட்டைக்கு எதுக்கும்மா ஸ்டிக்கர்? துணியை வெட்டினவனைக் கூப்பிடு’ன்னார். நீங்க இத்தனை வருஷமா சட்டைக்கே ஒட்டிட்டு இருக்கீங்க!”

“தேவன் மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்தாரும்மா. தப்பைத் தேர்ந்தெடுத்தது மனுஷன்.”

“மூணு நாள் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்துச்சு?”

“அதனாலதான் தம்முடைய குமாரனையே பலியாக் கொடுத்து…”

“கோணலா வெட்டுவாராம், கோணலுக்குக் கோபப்படுவாராம், கோபம் தீர அவர் பிள்ளையே சாகணுமாம். அதுக்கு என் தங்கச்சி பட்டினி கிடந்து நன்றி சொல்லணுமா? உங்க வீட்டு நியாயம் இதுதானா?”

போதகரின் மனைவி தரையைப் பார்த்தாள். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. மனசால் கெட்டவர் இல்லை. அடுத்தவர் புண்ணுக்குத் தன்னிடம் மருந்து இருப்பதாக நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் அக்காவை இன்னும் எரித்தது.

கட்டிலிலிருந்து தங்கை மெதுவாகக் கேட்டாள்: “ஐயா, என் பையன் இப்ப எங்க இருக்கான்?”

போதகரின் குரல் இளகியது. “கலங்காதீங்க சிஸ்டர். தேவன் இரக்கமுள்ளவர். அவனை மன்னிச்சுச் சேர்த்துக்கிட்டிருப்பார்.”

தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

“மன்னிச்சா?” என்றாள். “எதுக்கு?”

அவர் வேதாகமத்தைப் புரட்டினார்.

“அவன் ஒரு தடவைகூடக் கண்ணை முழுசாத் திறக்கலை ஐயா. அவனை யாரும் மன்னிக்க வேணாம்!” அந்த வீட்டில் பன்னிரண்டு நாளாக அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

அக்கா கையிலிருந்த நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்தாள். “பென்சில் திருடினது நான்தான். அது இருக்கட்டும்,” என்று மீதியைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, சாப்பிட ஏதாவது குடு. மாத்திரை போடணும்.”