தஷ்ஜியன் சகோதரர்கள்

இடலினா போர்ஜஸ் மனுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், யார் மேல் வழக்கு என்ற ஒரு வரியைத் தவிர. பெந்தெகொஸ்தே திருவிழாவில் மகள் ராணியாக நடப்பதற்கென்று பதினோரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு மணி கோத்த வெல்வெட் அங்கி அது. சலவைக்குப் போட்ட இடத்தில் மணியெல்லாம் உருகிப் பிசினாக ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. திருவிழாவுக்கு இன்னும் பத்து வாரம்தான். நஷ்டஈடு வந்தால்தான் புது வெல்வெட்.

கடைப் பலகையில் இருந்த ‘தஷ்ஜியன் சகோதரர்கள்’ என்பதை அப்படியே எழுதப் போனவளை வைசாலியா நகரிலிருந்த கவுண்டி அலுவலக குமாஸ்தா தடுத்தார். பலகை மேல் வழக்குப் போட முடியாதாம். கம்பெனியா, கூட்டா, தனி ஆளா என்று தெரியாமல் எழுதினால், ஜெயித்தாலும் தீர்ப்பை வைத்து நாக்கு வழிக்கக்கூட முடியாதாம்.

அதுவும் நல்லதாய்ப் போயிற்று. அந்த அண்ணன்மார் யாரென்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கல்லாவில் இருக்கும் அராக்சி வாயைத் திறந்தால், அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன் என்பதுதான். திரைக்குப் பின்னால், கண்ணில் படும்படி, ஆணியில் மூன்று ஆண் தொப்பிகள் தொங்கும். தடிதடியாய் மூன்று பேரை இடலினா மனதுக்குள் வளர்த்தே வைத்திருந்தாள்.

குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்தார். "கம்பெனியும் இல்ல, கூட்டும் இல்லம்மா. ஒரே ஆளு, அராக்சி தஷ்ஜியன். கடை வேற, அவங்க வேற இல்ல. தீர்ப்பு வந்தா அவங்க கைக்காசுதான்."

"அப்ப அண்ணன்மாரு?"

"பேருல மட்டும்."

பதிவேட்டு நகலையும் மனுவையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய்க் கல்லா மேல் வைத்தாள். வழக்கம்போல "அண்ணன்..." என்று ஆரம்பித்த அராக்சி, காகிதத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பொம்பளை தனியா நிக்கிறான்னு தெரிஞ்சா ஆளாளுக்கு அதட்டுவாங்க. அண்ணன்னு சொன்னா குரல் இறங்கிடும்."

இடலினாவுக்குச் சுருக்கென்றது. மூன்று தடவை சண்டைக்கு வந்து மூன்று தடவையும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளும் அடங்கிப் போயிருந்தாள். மனுவை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அராக்சி அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"மணியை ஒண்ணு கழட்டிச் சலவை மருந்துல போட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது. குடுங்க, பேரை நானே எழுதுறேன்."

எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"யாரு இங்க முதலாளி?" என்று அதட்டிக்கொண்டே ஓர் ஆள் உள்ளே வந்தான்.

அராக்சி பேனாவைக் கீழே வைக்கவில்லை. இடலினாவின் பார்வைதான், தன்னையறியாமல், தொப்பிகள் பக்கம் போயிற்று.